சல்லடை மேல் ஒரு லேப்டாப்

எனக்கும் என் மாமியாருக்கும் நடுவே ஓயாமல் நடந்த சண்டை ஒரு மாவுச் சல்லடைக்காகத்தான். கம்பெனி கொடுத்த லேப்டாப் சூடாகும். மேசைமேல் அப்படியே வைத்தால் அடியில் காற்று போகாமல் இன்னும் சூடாகும். எவர்சில்வர் சல்லடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வைத்தால் கொஞ்சம் அடங்கும். இதை நான்தான் கண்டுபிடித்தேன் என்பதில் எனக்குப் பெருமை. ஆனால் சல்லடை அவருடையது. புட்டுக்கு மாவு சலிக்கிற நேரத்தில் அது என் மேசையில் இருக்கும். அவர் வாய் திறந்து கேட்க மாட்டார். கதவருகில் வந்து நின்று சல்லடையையே பார்ப்பார். நான் எடுத்துக் கொடுக்கும்வரை பார்ப்பார். வாய்ச் சண்டையாக இருந்தால் நான் ஜெயித்திருப்பேன்.

நாங்கள் இருப்பது கல்வராயன் மலைமேல், வெள்ளிமலையில். அங்கே பள்ளிக்கூடத்தில் என் கணவர் ஆசிரியர். மாமியாருக்குச் சொந்த ஊர் மணலூர்பேட்டைப் பக்கம். முப்பது வருஷம் கரும்பு வெட்டக் கூலிக்குப் போனவர். மகனுக்கு மலையில் வேலை கிடைத்தபோது வெட்டுக்கத்தியையும் சல்லடையையும் எடுத்துக்கொண்டு கூடவே வந்துவிட்டார். கத்தி எதற்கு என்று கேட்டால், இருக்கட்டும் என்பார். நான் திருக்கோவிலூர்க்காரி. பாலங்களுக்கு வரைபடம் போடுவது என் வேலை. கம்பெனி பெங்களூரில்.

எங்கள் பெண்ணுக்கு மூன்று வயதானபோது எனக்கு இந்த வேலை கிடைத்தது. ஒன்றரை வருஷம் நான் பெங்களூரில் ஒரு விடுதி அறையிலும் அவர்கள் மூவரும் மலையிலுமாக இருந்தோம். மாதம் ஒருமுறை வருவேன். சேலத்தில் பஸ் மாறி, கள்ளக்குறிச்சியில் இறங்கி, மறுபடி மலைக்குப் பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தால் திரும்பிப் போகிற பஸ்ஸைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும். ஒருமுறை என் பெண் என்னைக் கண்டதும் ஓடி வராமல் அவள் ஆயாவான என் மாமியாரின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். வெட்கமா, கோபமா, மறந்தே போய்விட்டாளா, தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் மேலாளரிடம் போய் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று கேட்டேன். மலைமேல் கரண்ட் இருக்குமா, நெட் இருக்குமா என்று அவர் கேட்டார். இருக்கும் என்றேன். பாதிதான் பொய். அவர் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். கையில் இருக்கிற ஆற்றுப் பாலத்தின் முழு வரைபடங்களையும் வீட்டிலிருந்தே முடித்து, சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். தடங்கல் இல்லாமல் வந்தால் இதையே நிரந்தரமாக்கிவிடலாம். தவறினால் அடுத்த மாதமே பெங்களூருக்குத் திரும்ப வேண்டும். அந்த நாள் விஜயதசமிக்கு மறுநாளாக அமைந்தது. காலை பத்து மணி.

கூடவே ஒரு லேப்டாப்பும் கொடுத்தார். பெரிய அதிகாரிகளுக்கும், கனமான படங்களைக் கையாளுகிறவர்களுக்கும் மட்டும் கொடுக்கிற ரகம். பார்த்தால் அப்படித் தெரியாது. கறுப்பு, மழமழப்பு கிடையாது, பளபளப்பும் கிடையாது. என் பெண் அதைச் சிலேட்டு என்றுதான் சொன்னாள். ஆனால் நானூறு ஐந்நூறு துண்டுகள் சேர்ந்த ஒரு பாலத்தைத் திரையில் திறந்து, அதைத் தலைகீழாகத் திருப்பினால்கூடத் திக்காமல் திரும்பும். என் பழைய லேப்டாப்பில் ஒரு தூணைத் திருப்பிவிட்டுப் போய்க் காபி போட்டுக் குடித்து வரலாம். இதில் காபிக்கு நேரமே கொடுக்காது. திரையில் வெயில் விழுந்தாலும் முகம் தெரியாமல் எழுத்து தெரியும். கீபோர்டில் தட்டினால் விரலுக்கு இதமாக இருக்கும். விரலை ஒரு சின்னச் சதுரத்தில் வைத்தால் திறந்துகொள்ளும். பையில் இருப்பதே தெரியாத கனம். முதல் வாரம் நான் அதைப் பற்றிப் பேசியதைக் கேட்டு என் கணவர், இன்னொரு கல்யாணம் பண்ணிக்கொண்டாயா என்றார்.

இரண்டாவது வாரம் புருஷனைப் போலவே இதற்கும் குறைகள் தெரிய ஆரம்பித்தன. நாள் முழுக்க வரும் என்று சொன்ன பேட்டரி, பாலத்தைத் திறந்து வைத்தால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. மடியில் வைத்தால் தொடை வெந்துவிடும். சூட்டைத் தணிக்க உள்ளே இருக்கிற ஃபேன் சுற்ற ஆரம்பித்தால் மாவு மிஷின் மாதிரி இரையும். கூட்டத்தில் பேசும்போது அந்தப் பக்கத்தில் இருந்து, அங்கே மழையா என்று கேட்பார்கள். வயர் செருக இரண்டே ஓட்டைகள், அதுவும் ஒரே பக்கத்தில். மற்றதையெல்லாம் செருக ஒரு குட்டி வாலைத் தனியாக மாட்ட வேண்டும். பாத்திரம் தேய்த்துவிட்டு ஈர விரலை வைத்தால் நான் யாரென்றே அதற்குத் தெரியாது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, மெமரி, டிஸ்க் என்று எல்லாவற்றையும் போர்டோடு ஒட்டிப் பற்றவைத்திருந்தார்கள். பழைய லேப்டாப் கெட்டால் டிஸ்க்கை மட்டும் கழற்றி வேறொன்றில் மாட்டிக்கொள்ளலாம். இது போனால் மொத்தமும் போச்சு.

இனி என் தப்பைச் சொல்கிறேன். மாமியார் அந்த லேப்டாப்பைக் கண்டாலே ஒதுங்கிப் போவார். தண்ணீர்ச் செம்போடு வந்தால் சுவரை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போவார். எனக்குக் காபி கொண்டு வந்தால் இரண்டடி தள்ளித் தரையில் வைத்துவிட்டுக் கூப்பிடுவார். முதலில் சிரிப்பாக இருந்தது. அப்புறம் சங்கடமாக இருந்தது. அவர் வீட்டில் அவரே பயந்து பயந்து நடக்கிறார். ஒருநாள் அவரை உட்காரவைத்து அதன் பெருமைகளை எல்லாம் எடுத்துவிட்டேன். கீழே போட்டுப் பார்த்துத்தான் விற்கிறார்கள், தூசியில் புரட்டிப் பார்க்கிறார்கள், கீபோர்டில் தண்ணீர் கொட்டினாலும் அடியில் இருக்கிற ஓட்டை வழியாக வழிந்து போய்விடும், ஒன்றும் ஆகாது என்றேன். என் கணவர் சும்மா இருக்கக் கூடாதா? "கழுவியே வெக்கலாம்மா" என்றார். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். மாமியார் சிரிக்கவில்லை. எதையும் ஒரு தடவை கேட்டால் மறக்காதவர் அவர்.

ஆயுத பூஜைக்கு முன்னால் ஐந்து நாள் மலையில் விடாத மழை. ஒவ்வொரு நாள் சாயங்காலமும் அன்றைய வேலையைக் கம்பெனியின் சர்வருக்கு ஏற்றிவிட வேண்டும் என்பது விதி. மழையில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. நாளைக்கு ஏற்றிக்கொள்ளலாம், நாளைக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்று ஐந்து நாளை ஓட்டிவிட்டேன். பூஜைக்கு முந்தின நாள் மதியம் கரண்டும் போயிற்று. பேட்டரியில் வேலையை ஓட்டினேன். கடைசித் தூணுக்குக் கம்பி போட்டுக்கொண்டிருக்கும்போது லேப்டாப் எச்சரித்தது, அப்புறம் தானே வேலையைச் சேமித்துக்கொண்டு அணைந்தது. நான் அதைத் திட்டினேன். ஊரிலேயே விலை கூடிய லேப்டாப் ஒரு சாயங்காலம் தாங்கவில்லையே என்று திட்டினேன். அந்தத் திட்டை அப்புறம் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டிவந்தது.

மறுநாள் காலையிலும் கரண்ட் இல்லை. மழை மட்டும் விட்டிருந்தது. லீவு நாள்தானே என்று லேப்டாப்பை மேசையிலேயே விட்டுவிட்டு, நானும் கணவரும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு பொரி, பூ, பூசணிக்காய் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனோம். பூஜைக்குச் சாமான்களைக் கழுவி வைக்கிற வேலை எப்போதும் மாமியாருடையது. மண்வெட்டி, வெட்டுக்கத்தி, அரிவாள்மணை, மகனுடைய பைக் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைப்பார். அதில் யாரும் தலையிட முடியாது.

திரும்பி வந்து மொட்டை மாடிக்கு ஏறியபோது பாயில் எல்லாம் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. மண்வெட்டி, கத்தி, அரிவாள்மணை. அவற்றுக்கு முன்னால் முதல் ஆளாக என் லேப்டாப், வாயைத் திறந்துகொண்டு, வெயிலைப் பார்த்தபடி. விரல் வைக்கிற சின்னச் சதுரத்தில் அச்சாக ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். மூடியில் மஞ்சள் தண்ணீர் ஓடிய கோடுகள். கையில் எடுத்தேன். அடியிலிருந்து ஒரு சொட்டு என் பாதத்தில் விழுந்தது.

ஐந்து நாள் வேலை அதற்குள் இருந்தது. வேறெங்கும் இல்லை. அதோடு சேர்ந்து என் பெண்ணோடு இருக்கிற வாழ்க்கையும் அதற்குள்தான் இருந்தது. மாமியார் படியேறி வந்தார். எப்படிக் கழுவினீர்கள் என்று கேட்டேன். குரலை எவ்வளவு சாதாரணமாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு சாதாரணமாக வைத்துக்கொண்டேன். மூடியை மஞ்சள் தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்தாராம். திறந்து பார்த்தால் எழுத்துகளுக்கு இடையில் நான் தின்ற மிக்சர் தூளாக இருந்ததாம். அரைச் செம்பு தண்ணீர் ஊற்றி, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, கவிழ்த்து வடித்தாராம். "நீ சொன்னாப்லயே அடியில வயிஞ்சி போச்சும்மா" என்றார் திருப்தியாக.

தண்ணீர் ஊற்றும்போது திரையில் வெளிச்சம் வந்ததா என்று கேட்டேன். மூடியைத் திறந்தாலே விழித்துக்கொள்கிற ஜாதி அது. ஒன்றும் வரவில்லை, கறுப்பாகவே கிடந்தது என்றார். அப்போதுதான் எனக்கு முந்தின நாள் நினைவு வந்தது. பேட்டரி செத்துப் போயிருந்தது. உள்ளே கரண்ட் ஓடாதபோதுதான் தண்ணீர் பட்டிருக்கிறது. நான் வாய்க்கு வந்தபடி திட்டிய அந்தக் குறையே அதைக் காப்பாற்றியிருக்கலாம். இருக்கலாம்தான். உறுதி யார் சொல்வது?

கணவரிடம் தனியாகச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. கழுவியே வைக்கலாம் என்றவர் அவர்தானே. பொரிப் பையை இறக்கிவைத்துவிட்டுப் பைக்கைத் திருப்பினார். பூப் பைகூட இன்னும் ஹாண்டில்பாரில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் லேப்டாப்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் உள்ளே தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ என்று அதையும் சேர்த்துச் சாய்த்துப் பிடித்தேன். அப்படியே கீழே கள்ளக்குறிச்சி போய்ச் சேர்ந்தோம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லேப்டாப் ரிப்பேர் கடை ஒன்று திறந்திருந்தது. திறந்திருந்தது பூஜைக்கு. கடைக்காரர் குளித்து விபூதி பூசி நின்றார். அவருடைய திருப்புளிகள், இடுக்கிகள், பற்றவைக்கிற கம்பி எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வாழையிலையில் வரிசையாகக் கிடந்தன, ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் ஒரு பொட்டு. நடந்ததைச் சொன்னேன். அவர் இன்னும் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்தார், சிரிப்பை அடக்குகிறார் என்பது தெரிந்தது.

"டூல்ஸெல்லாம் சாமிகிட்ட வெச்சிட்டேங்க. நாளைக்குக் காலைலதாங்க எடுப்பேன்" என்றார்.

எனக்கு வந்த கோபம் சாதாரணமானதல்ல. உங்கள் சாமி கோபித்துக்கொள்ளாது, எடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். கணவர் என் கையைப் பிடித்தார். கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, கருவி எதையும் தொடாமல் வெறும் கையால் லேப்டாப்பை வாங்கித் தலைகீழாக்கினார். வெளிச்சத்தில் காட்டி அடிப்பக்கத் துளைகளைப் பார்த்தார். மூக்கருகே வைத்து மோந்தார். கருகின வாசனை இல்லை, மஞ்சள் வாசனைதான் அடிக்கிறது என்றார். நல்ல கட்டுமானம், கீபோர்டுக்கு அடியில் தட்டு மாதிரி ஒரு மறைப்பு இருக்கும், பெரும்பாலும் தண்ணீர் அதைத் தாண்டியிருக்காது என்றார். தாண்டியிருந்தால்? போர்டு போகும், எல்லாவற்றையும் ஒன்றாகப் பற்றவைத்திருப்பதால் உள்ளே இருப்பதை இங்கே மட்டுமில்லை, சென்னையிலும் எடுப்பது கஷ்டம் என்றார்.

"இன்னிக்கு நான் திறக்கறதவிட நீங்க ஆன் பண்ணாம இருக்கறதுதாங்க முக்கியம். ஆசைப்பட்டு ஒருவாட்டி அமுக்கினீங்கன்னா முடிஞ்சிதுங்க. கூடாரம் மாதிரி கவுத்து வெச்சி ஒருநாள் தொடாம வுட்டுருங்க. அரிசில கிரிசில போட்டுறாதீங்க" என்றார். மறுநாளும் ஓடாவிட்டால் வரச் சொன்னார். ஒரு கை பொரியும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது கரண்ட் வந்திருந்தது. மாமியார் பூஜைக்கு எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டிருந்தார். லேப்டாப்பை எங்கே எடுத்துக்கொண்டு போனோம் என்று கேட்டார். ஒரு சின்ன வேலை என்று மகன் மழுப்பினார். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. பூஜையில் கத்திக்கும் மண்வெட்டிக்கும் நடுவே இடம் விட்டிருந்தார். நான் லேப்டாப்பைக் கூடாரம் மாதிரிக் கவிழ்த்து அங்கே வைத்தேன். ஏன் கவிழ்த்து வைக்கிறேன் என்றும் கேட்கவில்லை. மேலே ஒரு பூவை வைத்தார், ஃபேனைப் போட்டுவிட்டார், கற்பூரம் காட்டிய பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னார், நாளைக்குக் காலையில் நான் எடுக்கிறவரை யாரும் எதையும் தொடக் கூடாது.

அன்று சாயங்காலம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு விசைதான். ஒரு நொடி அமுக்கினால் இருக்கிறதா போனதா என்று தெரிந்துவிடும். கடைக்காரர் சொன்னதெல்லாம் மண்டையில் இருந்தது, விரல் மட்டும் கேட்கவில்லை. மூன்று தடவை எழுந்து போனேன். மூன்று தடவையும் மாமியார் அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அடுத்த நாளைக்கான புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். "சாமிகிட்ட வெச்சதும்மா" என்று மட்டும் சொன்னார். நான் திரும்பிப் போய்விடுவேன். எனக்கு அந்தச் சட்டத்தின்மேல் எரிச்சலாக வந்தது. அவர் அங்கே உட்கார்ந்திருக்காவிட்டால் நான் அமுக்கியிருப்பேன். சத்தியமாக அமுக்கியிருப்பேன்.

விஜயதசமி அன்று காலை மறுபூஜை முடிந்தது. அவர் முதலில் கத்தியை எடுத்து ஒரு கரும்புத் துண்டை வெட்டினார். பிறகு லேப்டாப்பை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் கொடுத்தார். சார்ஜரைச் செருகினேன். ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஓரத்தில் கடுகளவு ஆரஞ்சு வெளிச்சம் வந்தது. கால் மணி நேரம் காத்திருந்து விசையை அமுக்கினேன். திரை கறுப்பாகவே இருந்தது. கணவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அப்போது அந்த ஃபேன் இரைய ஆரம்பித்தது. மாவு மிஷின் என்று நான் கேலி செய்த அதே சத்தம். கூடவே ஓரத்துத் துளைகளிலிருந்து சூடான மஞ்சள் வாசனை வீசியது. திரை வெளுத்தது.

விரலை வைத்தேன். அடையாளம் தெரியவில்லை என்றது. மறுபடி வைத்தேன். மறுபடி தெரியவில்லை. சந்தனத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு, போய்விட்டது, எல்லாம் போய்விட்டது என்று நான் அழ ஆரம்பித்திருந்தேன். என் பெண்தான் வந்து பாவாடை நுனியால் அந்தப் பொட்டைத் துடைத்தாள். மூன்றாம் தடவை திறந்தது. பாலம் இருந்தது. கடைசித் தூணின் பாதிக் கம்பி, நான் விட்ட இடத்தில் அப்படியே இருந்தது. அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன், திக்காமல் திரும்பியது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் திரையில் எனக்கு எதுவும் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர்.

மதியம் தாண்டி வரைபடங்களை முடித்தேன். வீட்டில் சிக்னல் ஒரு கோடுகூட நிற்கவில்லை. சாலையில் அரைக் கிலோமீட்டர் நடந்தால் ஓடைக்கு மேல் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. அதன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தால் மூன்று கோடு நிற்கும். விஜயதசமிச் சேர்க்கைக்காகக் கணவர் பள்ளிக்குப் போயிருந்தார், பெண்ணும் அவரோடு போயிருந்தாள். மாமியார் குடையை எடுத்துக்கொண்டு கூட வந்தார். பெரிய ஆற்றுப் பாலத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சின்னப் பாலத்தின்மேல் உட்கார்ந்தேன். ஏற்ற ஆரம்பித்தபோது பேட்டரி எண்பது சதவீதம். சர்வருக்குப் போவது எறும்பு ஊர்கிற மாதிரி போயிற்று. தூறல் விழுந்தது. முந்தின நாள் அதன்மேல் தண்ணீர் ஊற்றிய அதே கை, இப்போது அதற்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தது. அவர் தலை முழுக்க நனைந்தது, லேப்டாப்பின்மேல் ஒரு துளி விழவில்லை.

"நான் கய்வனதுல கெட்டுப்போச்சின்னுதான அவ்ளோ தூரம் எடுத்துகினு போனீங்க?" என்று திடீரென்று கேட்டார்.

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். மாடியில் நான் அதன் அடியில் கையை வைத்துப் பார்த்தது, காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது, அப்போதே தெரிந்துவிட்டது என்றார். தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்றேன். கேட்டால் நீ பொய் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். நான் கவிழ்த்து வைத்த விதத்திலேயே அதைத் தொடக் கூடாது என்று புரிந்ததாம். அதனால்தான் சாயங்காலம் முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். மலையேறி வந்ததிலிருந்து அவர் என்னிடம் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. அப்புறம் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்தக் கத்தி எங்களுக்குச் சோறு போட்டுச்சி. வருஷா வருஷம் அதத்தான் மொதல்ல கய்வுவேன். இந்த வருஷம் இத மொதல்ல கய்வனேன். இது நல்லா இருந்தாதான நீ வூட்ல இருப்ப. கொயந்தயும் உன்கிட்ட ஒட்டிக்கினு கீது."

அவர் நனைந்த தோளில் என் தலையைச் சாய்த்துக்கொண்டேன். அவருக்குக் கூச்சம். குடை ஆடுது பார் என்று என்னை நகர்த்தினார். பேட்டரி ஒன்பது சதவீதத்தில் இருந்தபோது கடைசி வரைபடம் போய்ச் சேர்ந்தது. நான் ஓவென்று கத்தினேன். ஓடையில் நின்ற மாடு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது.

பத்து நாள் கழித்து மேலாளர் ஒரு படிவம் அனுப்பினார். லேப்டாப்புக்கு ஏதாவது சேதம் உண்டா என்று அதில் ஒரு கேள்வி. இல்லை என்று போட்டுவிட்டுத் தப்பித்திருக்கலாம். கீபோர்டு தண்ணீரில் நனைந்தது, காயவைத்தோம், நன்றாக இருக்கிறது, வரைபடங்களை நேரத்துக்கு அனுப்பியது அதிலிருந்துதான் என்று எழுதினேன். அவர் போன் செய்து எப்படி நனைந்தது என்றார். ஆயுத பூஜைக்குக் கழுவினோம் என்றேன். அந்தப் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம், அப்புறம் ஃபேன் சத்தம் கேட்கிறதே, அங்கே மழையா என்ற பழைய கேள்வி. இல்லை, நம் லேப்டாப்தான் என்றேன். சரி, அங்கேயே இருங்கள், அடுத்த பாலத்தை அனுப்புகிறேன் என்றார். தினமும் சாயங்காலம் சர்வருக்கு ஏற்றச் சொல்லித் திட்டவும் திட்டினார். அந்தத் திட்டு எனக்கு வேண்டியதுதான்.

போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். மாமியார் புட்டுக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தார். இனிமேல் நான் பெங்களூருக்குப் போக வேண்டாம் என்று சொன்னேன். அவர் சலித்த மாவைத் தட்டில் கொட்டி, சல்லடையை இரண்டு தட்டு தட்டி, முந்தானையால் துடைத்தார். பாதி மாவு இன்னும் சலிக்காமல் இருந்தது. எழுந்து வந்து என் மேசையில் லேப்டாப்பை ஒரு கையால் பயமில்லாமல் தூக்கி, அடியில் சல்லடையைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்தார்.

"இது இனிமே இதுக்கே இருக்கட்டும். சந்தையில எனக்கு வேற வாங்கிக்கிறேன்" என்றார்.